மகாவலிக் கரையில் சாஸ்திரம் (9): இழைகள் மறையுங் காலம்

சென்ற அத்தியாயத்திலே, 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பியிலையின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடியாகத் தலைகாட்டிய நோய், பத்தாண்டு கழிவதற்குள் கண்டிச் சீமைத் துரைமாரின் கணக்குப் புத்தகங்களையும், மாத்தளைப் பாதை வழியே கால்நடையாக வந்து சேர்ந்த நம் தொழிலாளரின் அன்றாடக் கஞ்சியையும் ஒருங்கே தொட்டுவிட்ட விருத்தாந்தத்தைப் பார்த்தோம். அந்த நோயை ஆராயும்பொருட்டு 1880ஆம் ஆண்டிலே பேராதனைக்கு வந்து சேர்ந்த ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர், தோட்டங்களிலே கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளை நிறுத்தி, காற்றோடு வரும் வித்திகள் அவற்றில் வந்து ஒட்டுவதைக் காட்டியதையும், ஒரே பயிரை மலை மலையாக நட்டு வைத்ததே நோய்க்கு இராஜபாட்டை அமைத்துக் கொடுத்தது என்று அவர் உணர்த்தியதையும் சொன்னோம். ஆனால் வார்டின் கதையிலே இன்னொரு பாகம் உண்டு. அது கோப்பியைப் பற்றியதன்று. அவர் பேராதனையில் நுணுக்குக்காட்டியின் முன் குனிந்திருந்த அதே இரண்டு வருஷ காலத்திலே, உயிரின் பரம்பரையைச் சுமந்து செல்லும் இழைகள் ஐரோப்பாவிலே முதன்முறையாகத் தெளிவாகக் காணப்பட்டன. கண்டவர்களுக்கு மிக அருகில் நின்ற மனிதர் இருவர் ஒரே சமயத்தில் மகாவலியின் இந்த வளைவுக்குள்ளே இருந்தார்கள். இந்த வாரம் அதைச் சொல்லவேண்டும்.

வார்ட் இலங்கைக்குப் புறப்படுமுன் கேம்பிரிட்ஜிலே கல்வியை முடித்து, பிறகு ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரிலே யூலியஸ் சாக்ஸ் என்னும் தாவரவியற் பேராசானிடம் சிறிது காலம் பயின்றார். பூக்குந் தாவரங்களின் முளையப்பையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1880இல் லண்டன் லின்னேயச் சங்கத்தின் சஞ்சிகையிலே வெளிவந்தது. முளையப்பை என்பது சூலினுள்ளே இருக்கும் ஒரு சிறு அறை. அதற்குள்ளே வித்தின் உணவாகப் பின்னர் அமையவிருக்கும் இழையத்தின் கருக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. அவை எங்கிருந்து தோன்றுகின்றன என்பதுதான் அக்காலத்துத் தாவரவியலாரின் பெரிய விவாதம். பழைய கரு கரைந்து மறைந்துவிடுகிறது, பின்னர் அதே திரவத்திலிருந்து புதிய கருக்கள் தாமாகத் திரண்டெழுகின்றன என்றே பலர் நம்பியிருந்தார்கள். 1831இல் ரொபர்ட் பிரவுன் கருவுக்குப் பெயரிட்ட நாள் முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இந்த நம்பிக்கை நிலைத்திருந்ததற்குக் காரணம், அவர்களுடைய கண்கள் பொய் சொல்லவில்லை என்பதே. கலம் பிரியத் தொடங்கும்போது கருவின் வரம்பு மெய்யாகவே கலைந்து போகிறது. பிரிவு முடிந்த பின் இரண்டு தெளிவான கருக்கள் தெரிகின்றன. இடையிலே நடப்பது மட்டும் ஒளி ஊடுருவுகின்ற, நிறமற்ற, பெயரில்லாத ஏதோ ஒரு குழப்பமாக இருந்தது. 1848ஆம் ஆண்டளவிலேயே ஹொஃப்மைஸ்டர் என்பவர் அந்தக் குழப்பத்தினிடையே சில கட்டிகளை வரைந்து வைத்தார். அவை இன்னவை என்று அவருக்கும் தெரியாது, பார்த்தவர்களுக்கும் தெரியாது.

ஜேனா சர்வகலாசாலையின் எடுவார்ட் ஷ்ட்ராஸ்பூர்கர் 1875இல் கலப்பிரிவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பதிப்பு 1880இல் வந்தபோது, முளையப்பையிலே கருக்கள் சுயமாகத் தோன்றுகின்றன என்ற தம் பழைய கொள்கையைக் கைவிட்டு, கருவிலிருந்தே கரு பிறக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். வார்டின் கட்டுரை வெளிவந்த ஆண்டும் அதுவே. ஆகவே பேராதனைக்கு வந்த அந்த இளைஞர், கோப்பி நோயைத் தவிர வேறொன்றும் அறியாத உத்தியோகஸ்தர் அல்லர்; அக்காலத்தின் மிகச் சூடான விவாதத்தின் நடுவிலிருந்து எழுந்து வந்தவர்.

இரண்டாம் மனிதர் 1881ஆம் ஆண்டு டிசம்பரிலே கொழும்பிலிருந்து புகையிரதமேறிப் பேராதனை வந்த ஜேனாவின் விஞ்ஞானி ஏர்ன்ஸ்ட் ஹெக்கல். அங்குள்ள தாவரவியற் பூங்காவின் அதிபராகிய ஹென்றி ட்ரைமனின் விருந்தினராகச் சில நாள் தங்கிய ஹெக்கல், வாயிலருகே நின்ற இந்திய இரப்பர் மரங்களின் தரைமேற் புரண்டு கிடந்த வேர்களையும், தாளிப்பனைகளையும், ஆற்றங்கரை மூங்கில்களையும் கண்டு பரவசப்பட்டதை அவருடைய பிரயாண நூலைப் படித்தவர்கள் அறிவார்கள். ஹெக்கலைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் எதுவாயினும் ஆகுக (அவர் விஞ்ஞானியாயிருந்த அளவுக்குப் பிரசாரகராகவும் இருந்தார், அவர் வரைந்த கருவளர்ச்சிப் படங்கள் குறித்து அவர் காலத்திலேயே கடும் கண்டனம் எழுந்தது), 1866இலேயே அவர் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தார் என்பதை மறக்கலாகாது: பரம்பரைக் குணங்களைக் கடத்துவது கலத்தின் கரு, சூழலுக்கு ஏற்ப இயங்குவது அதைச் சூழ்ந்த பொருள் என்பது அதன் சாரம். அதற்கு அப்போது அவரிடம் சான்று ஒன்றும் இருக்கவில்லை, அது ஊகமே. ஆனால் ஷ்ட்ராஸ்பூர்கர் ஜேனாவிலே ஹெக்கலின் சகாவாகப் பன்னிரண்டு ஆண்டளவு இருந்து, ஹெக்கல் கப்பலேறிய அதே 1881இலேதான் பொன் நகரத்துக்கு மாறிச் சென்றார். கருவைப் பற்றி ஊகித்த ஹெக்கல் ஒருவர், முளையப்பையைப் பார்த்த வார்ட் ஒருவர். இருவரும் ஒரே தோட்டத்திலே அந்த டிசம்பரில் இருந்தார்கள். அவர்கள் இதைப் பற்றிப் பேசினார்களா என்று கற்பனை செய்யும் வேலையை நான் நாவலாசிரியர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

உண்மையான காட்சி கிடைத்தது கீல் நகரத்திலே. வால்ட்டர் ஃபிளெமிங் என்பவர் சலமந்தர் என்னும் வாலுள்ள நீர்நில வாழ்வியின் குடம்பிகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் கலங்களும் பெரியவை, இழைகளும் பருமனானவை. நிலக்கரித் தாரிலிருந்து செயற்கையாக ஆக்கப்பட்ட புதிய சாயங்கள் அந்தத் தலைமுறையில்தான் துணிச்சந்தைக்கு வந்திருந்தன. துணியைப் பற்றிய சாயம் கருவினுள் ஒரு பொருளையும் அதேபோலப் பற்றிக்கொண்டது. சாயமேற்ற வேண்டுமானால் கலத்தைக் கொல்லவேண்டும். கொன்றபின் கண்ட இழை கொலையின் விளைவோ என்று எதிரிகள் கேட்பார்கள் அல்லவா? ஃபிளெமிங் உயிரோடிருந்த கலங்களையும் மணிக்கணக்காகப் பார்த்து, சாயமேற்றிய கலங்களிலே தாம் கண்ட வரிசை உயிருள்ளவற்றிலும் அப்படியே நடப்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். 1882இலே, ஹெக்கல் இலங்கையை விட்டு நீங்கிய வருஷத்திலே, அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. கருவின் வலைபோன்ற பொருள் சுருண்டு இழைகளாகிறது. இழைகள் குறுகித் தடிக்கின்றன. ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. கலத்தின் நடுத்தளத்திலே அணிவகுக்கின்றன. பிளந்த பாதிகள் எதிரெதிர் முனைகளை நோக்கிச் செல்கின்றன. அங்கே மீண்டும் கலைந்து வலையாகின்றன. இந்த நிகழ்ச்சிக்கு ஃபிளெமிங் இட்ட பெயரே இன்று நம் மாணவர் இழையுருப்பிரிவு என்று படிப்பது. அந்த இழைகளுக்கு நிறமூர்த்தம் என்னும் பெயரை 1888இலே வால்டையர் சூட்டினார்.

ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியது. அணிவகுத்து நின்ற நிறமூர்த்தங்கள் பிரிவு முடிந்தவுடன் எங்கே போகின்றன? கரைந்துவிட்டு அடுத்த பிரிவிலே புதிதாக ஆக்கப்படுகின்றனவா, அல்லது அவையே ஒளிந்திருந்து திரும்பி வருகின்றனவா? முன்பு கருவைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியை இப்போது ஒரு படி கீழிறங்கிக் கேட்டார்கள். 1885இல் கார்ல் ராபல் என்பவர், முந்திய பிரிவு முடிந்தபோது இழைகள் கிடந்த ஒழுங்கிலேயே அடுத்த பிரிவின் தொடக்கத்தில் அவை தோன்றுவதைச் சுட்டி, அவை அழிவதில்லை என வாதித்தார். தியோடர் போவேரி அதைத் திடமாக்கினார். குதிரையின் குடலில் வாழும் உருண்டைப் புழுவொன்றின் முட்டைகளிலே நிறமூர்த்தங்கள் இரண்டோ நாலோதான். எண்ணித் தவற இடமில்லை. அந்த இழைகளின் முனைகள் கருவின் விளிம்பிலே சிறு புடைப்புகளை உண்டாக்குகின்றன. கரு வெறும் வட்டமாகத் தெரியும் காலம் முழுவதும் அந்தப் புடைப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அடுத்த பிரிவிலே இழைகளின் முனைகள் அதே புடைப்புகளிலிருந்தே வெளிவருகின்றன. உடன்பிறந்த இரு கலங்களிலும் அந்த அமைப்பு ஒன்றையொன்று ஒத்திருக்கிறது. 1909இலே போவேரி இதை விரிவாக எழுதினார். அவர் அப்போது பணிபுரிந்தது வார்ட் படித்த அந்த வூர்ட்ஸ்பர்க்கிலேதான்.

இனி, நூலை மூடிவிட்டு நம் ஊர் ஆய்வுகூடத்துக்கு வருவோம். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. 1961இல் இங்கே விஞ்ஞான பீடம் அமைந்தது. தாவரவியல் மாணவன் கலப்பிரிவைக் கண்ணாற் காண்பதற்கு வழிவழியாகச் செய்வது சமையலறைப் பரிசோதனை போன்ற ஒன்றே. சின்ன வெங்காயமொன்றின் அடிப்பாகம் தண்ணீரைத் தொடும்படி கண்ணாடிக் குவளையின் வாயிலே வைத்தால், இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். நுனியில் சில மில்லிமீற்றரை மட்டும் வெட்டி, மதுசாரமும் அசற்றிக்கமிலமும் கலந்த திரவத்தில் இட்டு, பிறகு இளஞ்சூடான ஐதரோகுளோரிக்கமிலத்தில் மென்மையாக்கி, ஒர்சீன் சாயமிட்டு, வழுக்கியின்மேல் வைத்து, மூடுகண்ணாடி விலகாமல் வடிதாளின்மேல் கட்டைவிரலால் அழுத்திப் பரத்துவார்கள். கருஞ்சிவப்புப் புள்ளிகள் கூட்டங் கூட்டமாகத் தெரியும். நூறு கலங்களைப் பார்த்தால் தொண்ணூறுக்கு அதிகமானவற்றிலே வட்டமான, மணல் தூவியது போன்ற கருவைத் தவிர ஒன்றுமில்லை. எஞ்சிய சிலவற்றிலே நூல் உருண்டைகள்; அவற்றுள்ளும் சிலவற்றிலேதான் குட்டையான, தடித்த பதினாறு நிறமூர்த்தங்கள் நடுத்தளத்தில் நிற்பதும், இரு பிரிவாக விலகிச் செல்வதும் தெரியும். முதன்முறை பார்க்கும் மாணவன் ஏமாந்து போகிறான். புத்தகத்துப் படங்கள் அவனுக்குப் பிரிவை மட்டுமே காட்டியிருந்தன.

அந்த ஏமாற்றமே ஒரு கணக்கு. கொன்று நிறுத்திய கலங்களிலே எந்த நிலை எத்தனை வீதம் காணப்படுகிறதோ, உயிருள்ள கலம் தன் காலத்தில் ஏறத்தாழ அத்தனை வீதத்தை அந்த நிலையிற் கழிக்கிறது. ஆயிரம் கலங்களிலே நூறில் மட்டும் இழைகள் தெரிந்து, ஒரு சுற்று இருபது மணி நேரம் எடுக்குமாயின், இழை தெரியும் காலம் சுமார் இரண்டு மணிதான். மனித உடற்கலங்களை வளர்ப்பூடகத்தில் வளர்த்தால், இருபத்துநாலு மணி நேரச் சுற்றிலே பிரிவுக்குச் செலவாவது ஏறத்தாழ ஒரு மணி. நிறமூர்த்தத்தின் வாழ்க்கையிலே நாம் காணக்கூடிய பகுதி மிகச் சொற்பம்.

காணமுடியாத அந்தப் பெரும் பகுதியை முன்னோர்கள் ஓய்வுக் காலம் என்று அழைத்தார்கள். என் கருத்திலே இந்தச் சாஸ்திரத்தின் சரித்திரத்திலேயே பெரிய பிழை இதுதான். 1884இலே ஷ்ட்ராஸ்பூர்கர் முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முக அவத்தை என்று பிரிவின் படிகளுக்கு அழகாகப் பெயரிட்டார். ஈற்றவத்தை பின்னர் சேர்ந்தது. பிரிவு இல்லாத நேரத்துக்கோ, ஒன்றும் நடவாத நேரம் என்றே மதிப்பு. 1924இலே ஃபியூல்கன் டி.என்.ஏ.யை மாத்திரம் பற்றும் சாய முறையைக் கண்டார். அதன் துணையால் சாயத்தின் அடர்த்தியை அளந்தபோது, இழைகள் தோன்றுவதற்கு வெகு முன்பே, அதாவது கரு வெறும் வட்டமாகத் தெரிந்த வேளையிலேயே, டி.என்.ஏ.யின் அளவு இரட்டித்துவிட்டது என்பது 1950ஆம் ஆண்டையொட்டி அம்பலமாயிற்று. ஃபிளெமிங் கண்ட நீளவாக்குப் பிளவு, பிரிவின் தொடக்கத்தில் ஏற்படுவதன்று. அது முந்திய இரவே நடந்து முடிந்த காரியம். அல்மா ஹவார்ட், ஸ்ரீபன் பெல்க் என்னும் இருவர் லண்டனிலே அவரை இனமொன்றின் வேர்நுனிகளுக்குக் கதிரியக்கப் பொசுபரசு கொடுத்து, அது கருவிற் சேரும் வேளையைப் புகைப்படச் சவ்வின்மேற் கண்டு, 1951இலும் 1953இலும் அறிவித்தார்கள்: டி.என்.ஏ. ஆக்கம் இடையவத்தையின், அதாவது முன்னோர் ஓய்வுக் காலம் என்றழைத்த அந்தப் பகுதியின், நடுவிலே ஒரு குறித்த காலத்தில், சுமார் ஆறு மணி நேரம், நடக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இடைவெளிகள் உண்டு. இன்று ஜீ1, எஸ், ஜீ2 என்று க.பொ.த. உயர்தர மாணவர் மனனம் செய்யும் பகுப்பு இதிலிருந்து வந்தது.

அப்படியானால் அந்த நேரத்திலே ஏன் தெரிவதில்லை? சாதாரண ஒளியாலே இயங்கும் நுணுக்குக்காட்டி சுமார் 200 நனோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. இடையவத்தையிலே டி.என்.ஏ., எட்டுப் புரதங்கள் சேர்ந்த சிறு உருளையொன்றைச் சுற்றி 147 இணைகள் வீதம் சுற்றப்பட்டு (இந்த அமைப்பை 1974இல் ரொஜர் கோர்ன்பெர்க் விளக்கினார்), சுமார் பத்து நனோமீற்றர் தடிப்புள்ள நாராகக் கருவெங்கும் பரந்திருக்கிறது. ஒரு மனிதக் கலத்திலுள்ள டி.என்.ஏ.யை நீட்டினால் இரண்டு மீற்றர் வரும். அது சில ஆயிரத்திலொரு மில்லிமீற்றர் அகலமுள்ள கருவினுள்ளே அடங்குகிறது. அந்த நார் ஒளியின் எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் கண்ணுக்கு மணல் தூவியது போன்ற மங்கல் மட்டுமே எஞ்சுகிறது. பிரிவு நெருங்கும்போது 1997இலே தற்சுயா ஹிரானோ தவளை முட்டைச் சாற்றிலே இனங்கண்ட கொண்டென்சின் என்னும் புரதக் கூட்டம் நாரை வளையம் வளையமாக இழுத்துச் சேர்க்கிறது. ஒவ்வொரு பாதியும் ஏறத்தாழ 700 நனோமீற்றர் தடிப்புள்ள கோலாகி ஒளியின் எல்லையைக் கடந்து விடுகிறது, அப்போது தெரிகிறது.

கண்டிப் பிரதேசத்து விகாரைகளிலே தாளிப்பனையோலைச் சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரு பலகைகளுக்கிடையே கயிறிட்டுக் கட்டிய சுவடி தூரத்திலிருந்தே சுவடி என்று தெரியும், கையில் எடுத்துச் செல்லலாம். ஆனால் வாசிக்க முடியாது. வாசிக்க வேண்டுமானால் கட்டை அவிழ்த்து ஏடுகளைப் பரப்பவேண்டும். திரண்டு நிற்கும் நிறமூர்த்தத்திலே மரபணுக்களின் வாசிப்புப் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பரந்து மறைந்த நிலையிலேதான் அவை வாசிக்கப்பட்டுப் புரதங்களுக்கான செய்தி புறப்படுகிறது. திரள்வது, இரண்டு மீற்றர் நூல் சிக்கலோ முறிவோ இன்றி இரண்டு கலங்களுக்குப் பங்கிடப்படுவதற்காக.

விதிவிலக்குகளும் உண்டு. ஹெக்கல் பேராதனைக்கு வந்த அதே 1881இலே பல்பியானி என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு நீர்ப்பூச்சியின் குடம்பியிலே, உமிழ்நீர்ச் சுரப்பியின் கலங்களில், பிரிவு நடவாத வேளையிலும் பட்டை பட்டையாகத் தெரியும் தடித்த இழைகளைக் கண்டார். ஏராளமான பிரதிகள் பிரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதாலேயே அவை தெரிகின்றன என்று விளங்க, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தெரியும் அந்தச் சொற்ப நேரத்தை நீட்டி வைக்க ஓர் உபாயம் கிடைத்தது; அதன் மூலிகை நம் வேலியிலும் படர்கிறது. கார்த்திகைப்பூ என்று நாமும், நியங்கலா என்று சிங்கள மக்களும் வழங்கும் கொடியின் கிழங்கிலே உள்ள கொல்ச்சிசீன் என்னும் நஞ்சு, நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் கதிர் அமைவதைத் தடுத்துவிடுகிறது. ஐரோப்பியர் அதை வேறொரு செடியிலிருந்து எடுத்தார்கள். கதிரில்லாத கலம், இழைகள் திரண்டு தெரியும் அனுவவத்தையிலேயே அகப்பட்டு நிற்கும்; அப்படி நின்றவை ஒன்று சேரச் சேர, எண்ணுவது சுலபமாகும். மனிதனுக்கு நிறமூர்த்தங்கள் 48 என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுதும் எழுதிக்கொண்டிருந்தது. 1955 டிசம்பரிலே சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ கொல்ச்சிசீனோடு உப்புச் செறிவு குறைந்த நீரையும் பிரயோகித்துக் கலங்களை ஊதவைத்து எண்ணியபோது 46 என்று வந்தது. அல்பர்ட் லெவானும் அவரும் 1956இல் அதை வெளியிட்டனர். ஜியோ ஜாவாவிற் பிறந்தவர். பேராதனையோடு ஒப்பிட்டுப் பேசப்படும் புகழ்பெற்ற தாவரவியற் பூங்கா உள்ள போகோர் நகரிலே விவசாயம் படித்தவர். உருளைக்கிழங்கை ஆராய்ந்த கைப்பழக்கமே மனிதக் கலத்தை எண்ணிக் கொடுத்தது.

இப்படி எண்ணப் பழகிய பின்னர்தான் கோப்பியின் கதை வேறு கோணத்தில் விளங்கிற்று. நம் மலைகளில் அழிந்த அராபிக்காக் கோப்பிக்கு நிறமூர்த்தங்கள் 44. நோயைப் பெரும்பாலும் தாங்கிநிற்கும் ரொபஸ்டாவுக்கு 22. இரண்டையும் கலந்தால் பிறக்கும் செடியிலே 33. ஒற்றை விழுந்த அந்தத் தொகை சரிவரப் பங்கிடப்படாது. செடி பெரும்பாலும் மலடாகிறது. இத்தகைய எண்களையெல்லாம் திரட்டிய பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த அட்டவணை 1945இல் வெளிவந்தது, சி. டி. டார்லிங்டனோடு அதை ஆக்கியவர், சென்னையிற் படித்து, கோயம்புத்தூரிலே கரும்பை ஆராய்ந்த தலைச்சேரி ஜானகி அம்மாள்.

வார்ட் 1882இலே பேராதனையை விட்டுச் சென்றார். கோப்பி நோயை விளைத்த துருப் பூசணத்தின் வித்திகளையும், அவை முளைத்து இலைவாய்களினூடு புகுவதையும், அரிதாகத் தோன்றும் இன்னொரு வகை வித்தியையும் அவர் துல்லியமாக வரைந்திருந்தார். அந்தப் பூசணத்தின் கருக்கள் மிகச் சிறியவை; அவற்றுள் நிகழ்வது அவருடைய கண்ணாடிக்கு எட்டாது. அந்த அரிய வித்தியிலிருந்து பிறப்பவை கோப்பியைத் தொற்றுவதில்லை. அவை தொற்றக்கூடிய செடி எது என்பது இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படியிருந்தும் இந்தப் பூசணம் புதிய புதிய குணபேதங்களோடு எவ்வாறு கிளம்புகிறது? சாதாரணச் செம்மஞ்சள் வித்திகளுக்குள்ளேயே, நிறமூர்த்தத் தொகையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவு வெளியே தெரியாமல் நடக்கிறது என்று, டி.என்.ஏ.யின் அளவைக் கணினியின் உதவியோடு அளந்த பிரேசில் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 2011இல் அறிவித்தார்கள். எல்லோரும் அதை முற்றாக ஏற்றுவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வார்டைக் குறைசொல்ல இதில் இடமில்லை. அவர் காலத்துக் கண்ணாடியால் காணக்கூடிய அனைத்தையும் அவர் கண்டுவிட்டார் என்பதே என் தீர்ப்பு.

கோப்பி போன இடத்திலே வந்த தேயிலையின் கலங்களில் நிறமூர்த்தங்கள் முப்பது. அந்தச் செடி ஜேம்ஸ் டெய்லரின் கையால் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே பயிராகத் தொடங்கிய வரலாற்றை அடுத்த அத்தியாயத்திற் காண்போம்.